இரண்டாவது மருந்துக் குளியல்

1

யானைக்கும் பேன் பிடிக்கும் என்றால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நாலு பேர் சிரிக்கட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: "பாகன் ஒரு சோம்பேறி." அடித்துவிட்டேன். அந்தப் பாகன் என் அக்கா புருஷன். அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

2

கொட்டிலில் மாமாவுக்கு ஓர் உதவியாள். (வயது முப்பது. சாக்குச் சொல்ல முடியாத வயது.) இருவருமாக யானையைப் பிரஷ்ஷால் தேய்த்து, மருந்துத் தண்ணீர் ஊற்றினார்கள். பேன் செத்தது. ஈர் சாகாது, அது பொரிந்தபின், பதினைந்தாம் நாள், மறுபடி ஊற்ற வேண்டும். அன்று மாமாவுக்குக் காய்ச்சல்.

"மாப்ள, காது மடிப்ப விட்றாத. அங்கதான் குடித்தனமே நடத்துது."

"நீங்க படுங்க மாமா. யானைக்குத் தல பின்னிவிடற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

யானை சொறியவே இல்லை. எதற்கு இன்னொரு தரம் என்று உதவியாள் வெறும் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு, மருந்தைச் சாக்கடையில்

(இந்த வாக்கியம் நாலு நாளாக இப்படியே கிடக்கிறது.)

3

மூன்றாம் வாரம் யானை சுவரில் உரசத் தொடங்கியது. மிருக டாக்டரம்மா வந்தார்.

"ரெண்டாவது தடவை ஊத்துனீங்களா?"

"ஊத்தியாச்சுங்க" என்றான் உதவியாள்.

"என் மச்சான் ஊத்துனேன்னா ஊத்துனதுதாங்க" என்றார் மாமா.

(அந்த 'மச்சான்' என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இருக்கட்டும். உதவியாள் நான்தான்.)

"அப்போ இந்த மருந்து கேக்கல. காரமா ஒண்ணு தரேன்."

மாமாதான் அதைக் கலக்கினார், மூடியால் அளந்து, சொன்ன அளவுக்கு. காதுக்குப் பின்னால் தோல் வெந்து உரிந்தது. அதன்பின் யானை அவரைக் காதருகே விடவில்லை. அளவு தெரியாத பாகன் என்று வேலையை விட்டு அனுப்பினார்கள். வாய் திறந்தால் என் வேலையும் போகும். திறக்கவில்லை.

4

முடிவு ஒன்று: மச்சான் ஒப்புக்கொள்கிறான், மாமா அறைகிறார். எழுத நன்றாக இருந்தது. நடக்கவில்லை.

முடிவு இரண்டு: யானை மாமாவை மன்னிக்கிறது. அவர் என்ன செய்தார், மன்னிக்க?

நடந்தது இது. போன ஞாயிறு, அக்கா வீட்டில், சோற்றைப் பிசைந்தபடி மாமா கேட்டார்:

"மாப்ள, நெஜமா சொல்லு. ஒரு மூடி கூட ஊத்திட்டனா நான்? நீ பக்கத்துலதான நின்ன?"

"சோறு ஆறுது மாமா. சாப்பிடுங்க."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டு முடிக்க நினைத்தேன். கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நீங்களாக இருந்தால் மருந்தை ஊற்றியிருப்பீர்கள்.