ஜோடி இல்லாத குன்றிமணி

இது நடந்தது அறுபத்தெட்டிலா, அறுபத்தொன்பதிலா என்று கேட்டால் எனக்குத் திட்டமாகச் சொல்லத் தெரியாது. பிள்ளைகள் பதினொரு பேர் என்று ஜாஹிதா ஒருமுறை சொன்னாள். இன்னொருமுறை பதின்மூன்று என்றாள். மாசி மாதமாக இருக்கும் என்பது என் யூகம். குன்றிமணிக் கொடியில் காய் வெடித்துக் கிடந்தது என்று அவள் சொன்னதை வைத்துத்தான் அதுவும். கொட்டானில் ஒரு குன்றிமணி மட்டும் தனியாகக் கிடந்தது என்பதில் அவளுக்கும் சந்தேகம் இருந்ததில்லை, எனக்கும் இல்லை.

நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டுக்காரர்கள் தங்கள் வண்டிக் கொட்டகையைப் பால்வாடிக்கு விட்டிருந்தார்கள். ஜாஹிதா அங்கே டீச்சர். வயது இருபத்திரண்டு. காரைக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. உப்புமா கிண்டவும் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடவும் ஓர் ஆயா உண்டு.

பயிற்சிக்குப் போன இடத்தில், காசு போட்டுப் பொம்மை வாங்க வேண்டாம், ஊரில் கிடைப்பதை வைத்தே விளையாட்டுச் சாமான் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஜாஹிதா ஓர் ஓலைக் கொட்டானில் சேர்த்துவைத்தாள். புளியங்கொட்டை இரண்டு, சோழி இரண்டு, சட்டைப் பித்தான் இரண்டு, வேப்பங்கொட்டை இரண்டு. பிள்ளைகளின் கண்ணை இழுக்கட்டும் என்று குன்றிமணி இரண்டு.

ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்துப் பாயில் வரிசையாக வைப்பாள். மற்றதைப் பிள்ளை கொட்டானிலிருந்து எடுத்து அதனதன் பக்கத்தில் வைக்க வேண்டும். சரியாக வைத்தால் எல்லாரும் “ஒண்ணுபோல” என்று கத்துவார்கள். மாற்றி வைத்தால் “வேற வேற.” சரியாக வைத்த பிள்ளையின் வாயில் வறுத்த நிலக்கடலைப் பருப்பு ஒன்றைப் போடுவாள். அந்தக் கடலை அவள் வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து எடுத்துவருவது.

“ரெண்டு வயசுப் பிள்ளைக்கு என்ன டீச்சரம்மா ஒண்ணுபோல, வேற வேற? எங்க வீட்டுக்காரரு சாகுற மட்டும் எந்தச் செருப்பு எந்தக் காலுக்குன்னு தெரியாமத்தான் இருந்தாரு. அவருக்கு என்ன கொறஞ்சு போச்சு?” என்பாள் ஆயா.

விளையாட்டு முடிந்ததும் சாமான்களை ஜோடி ஜோடியாகக் கொட்டானில் போடுவது ஜாஹிதாவின் வழக்கம். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் ஜோடி இருந்தது. குன்றிமணி மட்டும் ஒற்றையாக நின்றது.

பாயை உதறினாள். தரையைத் தடவினாள். பிள்ளைகளின் கைகளைப் பிரித்துப் பார்த்தாள்.

“போனாப் போகுது. வேலியில நூறு தொங்குது” என்றாள் ஆயா.

“யாராச்சும் வாயில போட்டிருந்தா?”

உப்புமாச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த ஆயாவின் கை நின்றது. “எங்கய்யா காலத்துல, பகைன்னா இதை அரைச்சு ஊசியாக்கி மாட்டுக்குக் குத்திப்புடுவாக. மாடு மூணு நாள் தாங்காது.” சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

குன்றிமணி விஷம் என்று ஜாஹிதாவுக்கு அதுவரை தெரியாது. ஆசாரி தராசுத் தட்டில் எடைக்குப் போடும் குன்றிமணியைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். பிள்ளைகளைத் திரும்ப உட்காரவைத்தாள். அந்த ஒற்றைக் குன்றிமணியைப் பாயின் நடுவில் வைத்தாள்.

“இதுக்கு ஜோடி எங்க?”

ஒருவன் பாய்க்கு அடியில் தேடினான். ஒருத்தி வாசலைக் காட்டினாள். சிட்டாள் என்ற இரண்டரை வயதுக் குழந்தை ஜாஹிதாவின் முகத்தைப் பார்த்தபடியே வாயை அகலத் திறந்தது.

“அது கடலைக்கு வாயைத் திறக்குது” என்றாள் ஆயா.

சிட்டாள் குன்றிமணியைத் தொட்டுவிட்டு விரலை வாய்க்குள் விட்டது. “போச்சு” என்றது.

ஆயா சட்டியை வைத்துவிட்டு ஜாஹிதாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “ஒண்ணும் ஆகலேன்னா நல்லது. ஆச்சுன்னா, எதனால ஆச்சுன்னு யாருக்குத் தெரியும்? நீங்க வெளியூரு. வேற ஆளுக. அதையும் நெனச்சுக்கங்க.”

யாரிடமும் சொல்லாமலே இருந்துவிடலாம் என்ற அந்தப் பேச்சு ஆயாவின் வாயிலிருந்து வந்ததா, தன் நெஞ்சுக்குள்ளிருந்தே வந்ததா என்று ஜாஹிதாவுக்குப் பிற்பாடு பலமுறை தோன்றியிருக்கிறது. ஆயா சொல்வதற்கு முன்பே அவள் அதை நினைத்துவிட்டிருந்தாள். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. சிட்டாள் அவள் மடியில் ஏறி முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தது. அதற்கு இன்னும் கடலை கிடைக்கவில்லை.

ஜாஹிதா ஒற்றைக் குன்றிமணியை முந்தானையில் முடிந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

சிட்டாளின் தாய் பொன்னுத்தாயி கிணற்றடித் தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

“என்ன டீச்சர், வயித்தால போயிருச்சா? அதுக்கா வேகாத வெயில்ல தூக்கிட்டு வந்தீக? ஆயாவுக்குக் கையில்லையா?”

ஜாஹிதா சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் குரலே வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது. பொன்னுத்தாயி களைக்கொத்தியை வரப்பில் வைத்தாள்.

“நீங்க கொடுத்தீகளா?”

“விளையாடக் கொடுத்தேன்க்கா.”

“அதான் கேக்குறேன். நீங்க கொடுத்தீகளா?”

“ஆமா.”

பொன்னுத்தாயி குழந்தையை வாங்கிக்கொண்டு ரோட்டை நோக்கி ஓடினாள். ஜாஹிதா பின்னாலேயே ஓடினாள். பஸ் வரும்வரை இருவரும் ஒரு வேம்பின் நிழலில் நின்றார்கள். பஸ்ஸில் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். காரைக்குடி வரும்வரை குழந்தை ஜன்னலில் மாடு தெரியும்போதெல்லாம் “மா, மா” என்று சொல்லிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு மாட்டுக்கும் ஜாஹிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்.

“கடிச்சுதா, முழுசா முழுங்குச்சா?”

“தெரியலையே” என்றாள் பொன்னுத்தாயி.

“முழுசாப் போயிருந்தா ஓட்டோட போய் ஓட்டோட வந்துடும். பயமில்லை. கடிச்சிருந்தா...” டாக்டர் அதை முடிக்கவில்லை. குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாயில் புதுப்பற்கள் வெள்ளை வெள்ளையாக முளைத்திருந்தன. “கடிக்கிற பல்லு வந்துருச்சே” என்றார் மெதுவாக. “யாராச்சும் பார்த்தீங்களா?”

பார்த்தவர் யாருமில்லை. தெரிந்தது அந்தக் குழந்தைக்கு மட்டும். அதற்குப் பேச்சு இன்னும் சரியாக வரவில்லை.

அப்போதுதான் ஜாஹிதாவுக்கு அது தோன்றியது. முடிச்சை அவிழ்த்து இரண்டு கடலைப் பருப்பை எடுத்தாள். ஒன்றைப் பல்லால் கடித்து இரண்டாகப் பிளந்தாள். வலது கையில் முழுக் கடலை. இடது கையில் உடைந்தது. குழந்தையின் முன்னால் மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“சிட்டு, குண்டுமணி வாயில போச்சுல்ல? எது போல இருந்துச்சு? இது போலயா, இது போலயா?”

சிட்டாள் அந்தக் கையைப் பார்த்தது. இந்தக் கையைப் பார்த்தது. நிதானமாக, வகுப்பில் செய்வது போலவே, உடைந்த கடலையைத் தொட்டது.

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டார்.

உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். குழந்தை கதறியது வராந்தா முழுக்கக் கேட்டது. மஞ்சளாக மக்காச்சோள உப்புமா வந்தது. குன்றிமணி வரவில்லை, துண்டாகவும் வரவில்லை. அது கீழே இறங்கியிருக்கும் என்றார் டாக்டர். “மூணு நாள் வச்சுப் பாக்கணும். ரத்தமாப் போனா உடனே சொல்லுங்க.”

மூன்று நாள். அன்றைக்கு அந்த வார்த்தையை ஜாஹிதா இரண்டாம் முறையாகக் கேட்டாள்.

சாயங்காலம் சிட்டாளின் தகப்பன் வீரையா வந்தார். கட்டிலருகே நின்று குழந்தையைப் பார்த்தார். பிறகு வராந்தாவில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஏசினால் தேவலை என்று இருந்தது ஜாஹிதாவுக்கு. அவர் ஏசவில்லை. அவளைப் பெற்ற அத்தா மீரான் சாகிபு வந்து வீட்டுக்குக் கூப்பிட்டார். அவள் போகவில்லை.

மறுநாள் காலையில் வீரையா தூக்குவாளியில் காப்பி வாங்கிவந்தார். பொன்னுத்தாயிக்கு ஊற்றிக் கொடுத்தார். மீதியை ஜாஹிதா பக்கத்தில் வைத்தார்.

“டீச்சர் வீட்டுக்குப் போகலையா?”

“இல்ல. இருக்கேன்.”

“இருங்க. எங்குட்டும் போயிராதீக.”

ஆறுதலாகச் சொன்னாரா, மிரட்டிச் சொன்னாரா? அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. காப்பி ஆறிப்போனது.

அன்றைக்கு முற்பகலில் குழந்தைக்கு ஒருமுறை தண்ணீராகப் போனது. பொன்னுத்தாயி துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரத்தம் இல்லை. மணியும் இல்லை. அதன்பிறகு இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு கொஞ்சம் நீண்டாலும் இருவர் கையும் ஒரே நேரத்தில் குழந்தையின் நெஞ்சுக்குப் போகும்.

மத்தியானம், கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதற்காக, ஜாஹிதா முடிச்சை அவிழ்த்தாள். நேற்றைய கடலை அப்படியே இருந்தது. முழுக் கடலையை ஒரு கையில் வைத்தாள். பிளந்த கடலையை இன்னொரு கையில் வைத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முழுக் கடலை ஒற்றையாக இருந்தது. பிளந்தது இரண்டு பாதி. ஒன்றைப் போல இன்னொன்று.

நாலு மாதமாக அவள் இந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுத்தாள்? ஒரே மாதிரி இரண்டு சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தால் சரி. சிட்டாள் அதைத்தான் தொட்டது. கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. படித்த பாடத்தை ஒப்பித்தது.

பொன்னுத்தாயியிடம் தட்டுத்தடுமாறி விளக்கினாள்.

“அப்பக் கடிக்கலைங்கிறீகளா?”

“தெரியலக்கா. கடிச்சேன்னு அது சொல்லலை. அம்புட்டுத்தான் தெரியுது.”

“அப்ப மறுபடி கேளுங்க. ஒழுங்காக் கேளுங்க.”

குழந்தை விழித்ததும் ஜாஹிதா கேட்கப் பார்த்தாள். இந்த முறை ஒரு கையில் முழுக் கடலை இரண்டு, இன்னொன்றில் அரைக் கடலை இரண்டு. கைகளை நீட்டியதும் சிட்டாள் வீறிட்டு அழுது தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. முன்னே இப்படி இரண்டு கை நீண்ட பிறகுதான் தொண்டையில் குழாய் இறங்கியது. அது மறந்திருக்கவில்லை.

“விடுங்க டீச்சர்” என்றாள் பொன்னுத்தாயி.

மூன்றாம் நாள் விடிந்தது. குழாயடியிலிருந்து பொன்னுத்தாயி மூடிய கையோடு வந்தாள். கட்டிலருகே வந்து விரித்தாள். ஈரமாக ஒரு குன்றிமணி.

“இது முழுசுதானா? பாருங்க. எனக்குக் கண்ணு நிக்கமாட்டேங்குது.”

ஜாஹிதா தன் முடிச்சிலிருந்த குன்றிமணியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ஒன்று பளபளவென்று இருந்தது. மற்றது மங்கியிருந்தது. சிவப்பு சரி. கறுப்பு சரி. நகத்தால் புரட்டினாள். கீறல் இருக்கிறதா? இது கீறலா, கண்ணில் நிற்கும் நீரா? பிள்ளைகளை எத்தனை முறை அவசரப்படுத்தியிருக்கிறாள், சட்டுனு சொல்லு, ஒண்ணுபோலயா வேறயா என்று. அவளால் சொல்ல முடியவில்லை.

“மங்கலா இருக்கே” என்றாள் கடைசியில்.

“வயித்துக்குள்ள கெடந்தது மங்காம என்ன செய்யும்?” என்றாள் பொன்னுத்தாயி.

டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஓடு உடையலை” என்றார்.

வீரையா உள்ளே வந்தார். ஜாஹிதாவின் உள்ளங்கையிலிருந்து இரண்டு குன்றிமணிகளையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை.

சிட்டாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மாதம் வீட்டில் வைத்திருந்துவிட்டு, பொன்னுத்தாயி அதைத் திரும்பப் பால்வாடிக்கு அனுப்பினாள். சிட்டாள் எட்டாவது வரை படித்தது. பின்னாளில் கொத்தமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டது. வீரையா எழுபத்தைந்தாம் வருஷம் கிணறு வெட்டும்போது கால் ஒடிந்து, அதற்குப் பிறகு வயலுக்குப் போகவில்லை. ஆயா அதற்கு முந்தின வருஷமே இறந்துபோனாள். ஜாஹிதா மேலதிகாரிக்கு நடந்ததைத் தானே எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. எழுபத்திரண்டில் கல்யாணமாகும் வரை அங்கேயே வேலை பார்த்தாள். அதுவரை ஒண்ணுபோல விளையாட்டைத் தேங்காய்ச் சிரட்டையும் செங்கல் துண்டும் வைத்தே நடத்தினாள். கடலை கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.