சுற்று அட்டையில் விழுந்த முத்திரை

மினசே ஊரின் மூன்றாம் தெருவில் சுற்று அட்டையை இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்தவர்களைப் பற்றி இன்றைக்கும் பேச்சு உண்டு. குப்பை எடுக்கும் நாள், வடிகால் சுத்தம் செய்யும் முறை, நகராட்சி அறிவிப்பு எல்லாவற்றையும் ஓர் அட்டையில் செருகி வீடு வீடாக அனுப்புவார்கள். படித்ததற்கு அடையாளமாகத் தன் பெயருக்கு நேரே முத்திரை குத்தி அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். படித்தாயா என்று யாரும் கேட்பதில்லை. முத்திரை விழுந்ததா என்பதுதான் கேள்வி.

குவாஜிமா ஃபுமியே முப்பத்தைந்து வருஷமாக அப்படிக் குத்தியவள். அட்டை வந்த கால் மணி நேரத்தில் அது பக்கத்து வீட்டு நெஜு அக்காவின் கதவில் தொங்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பிப்ரவரி இருபதாம் தேதி அவள் கணவர் மசானோரி, அவர்களுடைய தோஃபுக் கடையில் சோயா ஊறும் தொட்டியருகே விழுந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. மார்ச் கடைசியில் சோயா மண்டிக்காரரின் பாக்கிச் சீட்டு வந்தது. இரண்டு லட்சத்து எண்பதாயிரம் யென். மண்டிக்காரர் நல்ல மனிதர், மெதுவாகக் கொடுங்கள் என்றுதான் எழுதியிருந்தார். ஆனால் கடன்காரனாக ஒருவர் போய்ச் சேர்ந்தார் என்ற பேச்சை ஃபுமியேயால் தாங்க முடியாது. மறுநாளே கணவரின் சின்ன லாரியை விற்று, பாக்கியைக் கட்டி, ரசீதை அவர் படத்துக்கு முன் வைத்தாள்.

"உங்கிட்டதான் சிறுவாடு இருக்கே, லாரியை ஏன் வித்தே?" என்று நெஜு அக்கா கேட்டாள்.

"அவரு வாங்கின சோயா அக்கா, அவரு வண்டியே அடைக்கட்டும். பொண்டாட்டி ஒளிச்சு வெச்ச காசுல கடன் தீந்தா, போற வழியில அந்த மனுஷன் தலை நிமிந்து நடப்பாரா?"

"அப்படிச் சொல்லு! மசானோரி குடுத்து வெச்சவன்" என்றாள் நெஜு அக்கா. தெருவே மெச்சியது. மெச்சியவர்கள் யாரும் பின்னால் துணைக்கு வரப்போவதில்லை.

மே மாதம் கடன் நிறுவனம் ஒன்றிலிருந்து தடித்த உறை வந்தது. மசானோரியின் பள்ளிக்கூடத் தோழன் ஒருவன் பாட்டுக்கூடம் நடத்த வாங்கிய கடனுக்கு இவர் ஜாமீன் நின்றிருக்கிறார். தோழன் ஊரைவிட்டே ஓடிவிட்டான். ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் யென். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் மனிதர் பத்திரத்தில் கையெழுத்தாகத் தன் முத்திரையைக் குத்திக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு முதல்முறையாக அந்தப் படத்தைப் பார்த்து ஃபுமியேவுக்கு ஆத்திரம் வந்தது.

சென்டாயிலிருந்து மகள் சிஹாரு ஓடி வந்தாள். இருவரும் பதினாறாம் தேதி வணிகர் சங்கக் கட்டடத்துக்குப் போனார்கள். சிறு வியாபாரிகளுக்கும் குடும்பங்களுக்கும் மாதம் ஒருமுறை அங்கே வரிக்கும் கடனுக்கும் இலவச ஆலோசனை உண்டு. இறந்தவரின் வருமான வரிக் கணக்கை நான்கு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் முதலில் ஃபுமியே அங்கே போக நினைத்திருந்தாள். இப்போது கையில் தடித்த உறையும் இருந்தது.

வக்கீல் ஓகிதா கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "பயப்படாதீங்கம்மா. சொத்தும் வேண்டாம் கடனும் வேண்டாம்னு மூணு மாசத்துக்குள்ள குடும்ப நீதிமன்றத்துல எழுதிக் குடுத்துட்டா போதும். இருபதாம் தேதி வரைக்கும் நேரமிருக்கு. வீடு யார் பேர்ல?"

"என் பேர்ல. எங்கப்பா குடுத்தது."

"அப்போ அதை யாரும் தொட முடியாது. அவரோட பணம், சாமான் எதையாவது எடுத்தீங்களா, வித்தீங்களா?"

ஃபுமியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த ஒரு கேள்விக்காவது நல்ல பதில் இருந்தது. "லாரியை வித்தேன் சார். அதுல சோயா பாக்கி மொத்தத்தையும் அடைச்சுட்டேன்."

ஓகிதா பேனாவை மூடினார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?"

இறந்தவர் பொருளை விற்றால் அவருக்கு வாரிசாக ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், ஒப்புக்கொண்டவர் மேல் மொத்தக் கடனும் விழும், அவருடைய சொந்த வீடும் தப்பாது, இனி வேண்டாம் என்று எழுதினாலும் அது நிற்பது கஷ்டம் என்று அவர் விளக்கினார். "உங்க சொந்தக் காசுல கட்டியிருந்தா ஒரு பிரச்சனையும் இல்ல."

டீத்தூள் டப்பாவில் அவள் சேர்த்து வைத்திருந்த மூன்றரை லட்சம் யென் அப்படியேதான் இருந்தது.

"இதெல்லாம் எங்களுக்கு யார் சொன்னாங்க சார்?" என்று சிஹாரு சண்டைக்குப் போனாள்.

"மார்ச் ஆரம்பத்துலயே தெருத்தெருவா நோட்டீஸ் அனுப்பினோமேம்மா. சுற்று அட்டையில."

பழைய அட்டைகள் தெருத் தலைவியான நெஜு அக்கா வீட்டுப் பெட்டியில் இருந்தன. ஃபுமியே மார்ச் மாதத்து அட்டையைத் தேடி எடுத்தாள். இளமஞ்சள் தாளில் கட்டை எழுத்து: 'இறந்தவரின் பொருளைத் தொடுமுன் எங்களைக் கேளுங்கள். கட்டணம் இல்லை.' அட்டையின் மேல் அவள் பெயருக்கு நேரே சிவப்பு முத்திரை, கொஞ்சமும் சாயாமல், மை கலங்காமல் விழுந்திருந்தது. லாரியை விற்பதற்கு மூன்று வாரம் முந்திய தேதி.

சிஹாரு எதையும் தொடாதவள், அவள் தப்பலாம். பத்தொன்பதாம் தேதி நீதிமன்ற வாசலில் அவள் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அப்பாவை வேண்டாம்னு எழுதுற மாதிரி இருக்கும்மா."

"அப்பாவை இல்லடி, அவரு கடனை. குத்து."

"உன்னைத் தனியா மாட்டிவிட்டுட்டா?"

"நான் ஏற்கெனவே குத்தியாச்சு. நீயாவது படிச்சுட்டுக் குத்து."

கடனை அடைக்க வீடு விலை பேசி முடிந்தது. ஜூன் கடைசியில் காலி செய்ய வேண்டும். அதற்கு முன் கடைசியாக ஒருமுறை சுற்று அட்டை வந்தது. ஃபுமியே அதை இரண்டு நாள் வைத்திருந்தாள். காட்டுப்பன்றி எச்சரிக்கை முதல் வரிச்சலுகை விளக்கம் வரை ஒரு வரி விடாமல் படித்தாள். இளமஞ்சள் தாள் மறுபடியும் வந்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் நெஜு அக்காவே வந்துவிட்டாள்.

"என்னடி, அட்டை உங்கிட்டயே நிக்குது? தெருவுல கேக்குறாங்க."

"படிச்சேன் அக்கா. நீங்களும் இந்த மஞ்சத் தாளைப் படிங்க. உங்க வீட்டு மாமா ஆஸ்பத்திரியில கிடக்காரு, ஒருவேளை..."

"வாயைக் கழுவுடி! ஆள் உசிரோட இருக்கறப்போ என்ன பேச்சு இது?"

"அபசகுனம்னு நினைக்காதீங்க அக்கா. அஞ்சே வரிதான். நான் படிச்சுக் காட்டட்டுமா?"

"உனக்கு ஆனது எல்லாருக்கும் ஆகுமா?" நெஜு அக்கா அட்டையை வாங்கினாள். தாளைத் திருப்பவே இல்லை. கதவு நிலையில் அட்டையைச் சாய்த்து, இடுப்புப் பையிலிருந்து முத்திரையை எடுத்து, வாயால் ஊதிக் குத்திவிட்டு, அடுத்த வீட்டுக்கு வேகமாக நடந்தாள்.