பட்டியலில் அடித்த பெயர்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மாமியார் மூத்தவளைப் பெரியவள் என்றும் இளையவளைச் சின்னவள் என்றும் கூப்பிடப் போய், தெருவும் அப்படியே கூப்பிட்டது. அவர்கள் வேலை பார்த்த சட்டைக் கம்பெனியிலும் அதுவே நிலைத்துவிட்டது. பெரியவள் காலர் தைப்பவள். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். சின்னவள் செக்கிங் மேஜையில், தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிப்பவள். குறை சொல்லவே பிறந்தவளைச் சரியான இடத்தில்தான் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று மற்றப் பெண்கள் சிரிப்பார்கள்.

சின்னவளுக்கு வாய் இருந்தது. பஸ் நிற்காமல் போனால் டிரைவரை மறுநாள் பிடித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவாள். பெரியவளுக்கு அதில் தனிப் பெருமை. ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பஸ்ஸில் போய் வந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது. கூடப் பிறந்தவள் இல்லையே என்ற குறை அவளுக்கு மறந்தே போயிருந்தது.

ஒருமுறை இஸ்திரிப் பெட்டியைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, இரவல் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரிதான் உடைத்தாள் என்று சின்னவள் மாமியாரிடம் சாதித்தாள். இன்னொரு முறை டாக்டர் வீட்டு வரிசையில், "குழந்தைக்கு வலிப்பு" என்று கத்தி எல்லாரையும் முந்திக்கொண்டு போனாள். குழந்தை வாசலில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. இரண்டு தடவையும் பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிழைக்கத் தெரிந்தவள் என்றுதான் நினைத்தாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் இரண்டாம் மாடியில் இஸ்திரி போடும் பக்கம் புகை கிளம்பியது. தீ பெரிதாகவில்லை. ஆனால் அறுபது பெண்கள் ஒரே மாடிப்படிக்கு ஓடினார்கள். பின்பக்கம் இன்னொரு கதவு இருந்தது. சட்டைகள் திருடு போகின்றன என்று அதைப் பூட்டி, முன்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பட்டன் மிஷினில் வேலை செய்யும் பெண் ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் நெரிசலில் சுவரோடு சுவராக நசுங்கி, இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பெரியவள் பார்த்தாள். அதன் பிறகு இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள், "கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்கணும்" என்று முதலில் சொன்னது பெரியவள்தான். யார் போய்க் கேட்பது என்று வந்தபோது எல்லார் கண்ணும் சின்னவள் மேல் போயிற்று.

"நான் பேசறேன். ஆனா நாளைக்கு என்னைத் தனியா விட்டுட்டு ஓடக்கூடாது. திங்கக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் மிஷினை நிறுத்தணும். முன்னாடி நிக்கிறவங்க பேரை எழுதிக் குடுங்க" என்றாள் சின்னவள்.

நூல் வெட்டும் பெண் ஒருத்தி இருந்தாள். நாக்கு கூர்மை என்பதால் அவளுக்குக் கத்திரி என்றே பெயர். "எழுதிக் குடுத்தா அது எங்கெங்க போகும்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் அவள்.

"அவ என் தங்கச்சி மாதிரி. அவளுக்கு நான் பொறுப்பு" என்றாள் பெரியவள். அதிகம் பேசாதவள் சொன்னதால் அந்த வார்த்தை எடுபட்டது. பட்டன்காரி தயங்கித் தயங்கித்தான் வந்தாள். "நீங்க சொல்றீங்கன்னுதான் அக்கா" என்று பெயரைக் கொடுத்தாள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் பெரியவளே எழுதினாள். தன் பெயரை முதலில் போட்டு, அதற்குக் கீழே ஆறு பெயர் எழுதி, சின்னவளிடம் கொடுத்தாள்.

சனிக்கிழமை சின்னவள் மேனேஜர் அறைக்குப் போய் முக்கால் மணி நேரம் இருந்தாள். வெளியே வந்து, "சும்மா ஆழம் பார்த்தேன். திங்கக்கிழமை பாருங்க" என்றாள். அன்று ராத்திரி பெரியவளுக்குப் பிடிக்குமே என்று தோசைக்குக் காரச் சட்னியும் அரைத்தாள்.

திங்கட்கிழமை காலை வாசலில் ஆறு பேரை நிறுத்தினார்கள். காவலாளி ஒவ்வொருவர் கழுத்திலிருந்தும் அடையாள அட்டையைக் கழற்றி வாங்கினார். மேனேஜர் கையில் அந்தக் காகிதம் இருந்தது. பெரியவளுக்குத் தன் எழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது. அவள் தானாகவே அட்டையைக் கழற்றப் போனாள். "உங்களை யாரு கூப்பிட்டா? உள்ள போங்க" என்றார் மேனேஜர்.

பட்டன்காரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை, திட்டவில்லை. "எங்களை வித்துட்டு நீங்க மட்டும் உள்ள போறீங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

மாடியில் சின்னவள் சூப்பர்வைசரின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். புதுக் கோட்டு. மடிப்புகூடக் கலையவில்லை.

"என்னடி இது?" என்றாள் பெரியவள்.

"மெதுவா பேசு அக்கா. உன் பேரும்தான் இருந்துச்சு. நான்தான் பேனாவை வாங்கி அடிச்சேன். 'எங்க அக்காவைத் தொடாதீங்க'ன்னு சொல்லிட்டுதான் மத்ததையே பேசினேன்."

"அந்தப் பொண்ணு மாசமா இருக்காடி."

"எல்லாரையுமா காப்பாத்த முடியும்? நம்ம வீட்டைப் பார்த்தேன்."

சின்னவள் தன்னை மட்டும் காட்டிக்கொடுத்திருந்தால்கூடப் பெரியவள் தாங்கியிருப்பாள். காப்பாற்றியதாகச் சொல்கிறாளே! அந்தப் பாசம் பொய்யில்லை என்பதும் தெரிந்தது. அதுதான் மீன் முள்ளாகக் குத்தியது.

பத்து மணி ஆயிற்று. ஒரு மிஷினும் நிற்கவில்லை. பெரியவள் தன் மிஷினை அணைத்தாள். யாரையும் பார்க்காமல் மேனேஜர் அறைக்குப் போனாள். மேஜை மேல் காகிதம் கிடந்தது. பேனாவை எடுத்து, அடித்த பெயருக்கு மேலேயே தன் பெயரைத் திரும்ப எழுதினாள். "இது நான் எழுதின லிஸ்ட் சார். நான் இல்லாம இது இல்ல" என்று சொல்லி, அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினாள்.

அன்றே பட்டன்காரி வீட்டுக்குப் போனாள். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பட்டன்காரி நின்றாள். "அவளை நம்பச் சொன்னது நான்தான். அவ எப்படிப்பட்டவள்னு எனக்குத் தெரியும். சின்னப் பொய் சொன்னப்பல்லாம் சிரிச்சவ நான். அதையும் உங்க யாருகிட்டயும் சொல்லல" என்றாள் பெரியவள். கதவு மூடவில்லை. திறக்கவும் இல்லை.

வீட்டில் வேறு கூத்து. "அண்ணி, அவ செஞ்சது உங்களுக்காகத்தானே" என்றான் கொழுந்தன். மாமியார் யார் பக்கம் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் அழுதாள். ஒரே வாரத்தில் அடுப்பு இரண்டாயிற்று.

பெரியவளும், பட்டன்காரி தவிர மற்ற ஐந்து பேரும் தொழிலாளர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்கள். முதல் நாள் அதிகாரி முன்னால் அவளுக்குப் பாதி வார்த்தை வரவில்லை. வந்த வார்த்தையில் கூட்டலோ குறைத்தலோ இல்லை. "எத்தனை பெட்டிங்க அடுக்கியிருந்துச்சு?" என்று கேட்டால், "நான் பார்த்தது பதினாலு. பின்னால இருந்திருந்தா எனக்குத் தெரியாது" என்பாள். அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்தபோது பெட்டிகளும் இருந்தன, பூட்டும் இருந்தது. நாலு மாதத்தில் கதவு திறந்தது. ஐந்து பேருக்கும் பெரியவளுக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. பட்டன்காரி வரவில்லை. குழந்தை பிறந்து அம்மா வீட்டோடு போய்விட்டாள். பெரியவள் இரண்டு தடவை போன் செய்தாள். அவள் எடுக்கவே இல்லை.

கம்பெனியில் தொழிலாளர் கமிட்டி வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தலைவி பதவிக்குப் பெண்கள் பெரியவளை நிறுத்தினார்கள், மேனேஜர் சின்னவளை நிறுத்தினார். சின்னவள் நீலக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, கால் மணி நேரம் பேசினாள். குரல் தழுதழுத்தது, கண் கலங்கியது. ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை.

"பேச்சு கேட்கணும்னா வீட்ல ரேடியோ இருக்கு" என்றாள் கத்திரி. சிரிப்பு அடங்கப் பல நிமிஷம் ஆயிற்று. பெரியவள் சிரிக்கவில்லை. சின்னவள் முகம் சுருங்கியதைப் பார்த்து, பழைய பழக்கத்தில் அவள் பக்கம் ஓரடி வைத்து நின்றுவிட்டாள். சீட்டு போட்டு எண்ணியபோது பெரியவளுக்கு நாற்பத்தெட்டு.

அந்த மாதக் கடைசியில் சின்னவள் குடும்பம் வேறு வீட்டுக்குப் போனது. பாத்திரங்களை வேனில் ஏற்றிவிட்டு வாசலில் நின்றாள். "உன் பேரை அடிக்காம விட்டிருக்கணுமா அக்கா?" என்றாள்.

"ஆறு பேரையும் குடுக்காம இருந்திருக்கணும்."

"அப்ப என்னை மன்னிக்கவே மாட்டியா?"

பெரியவள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல வரவில்லை. "தெரியல" என்றாள். வேன் போயிற்று.

மறுநாள் மேனேஜர் கமிட்டித் தலைவியைக் கூப்பிட்டார். பெரியவள் மிஷினை அணைத்துவிட்டு நேராகக் கத்திரியிடம் வந்தாள். "எழுந்திரு. இன்னொருத்தியையும் கூப்பிடு. இனி யாரும் அந்த ரூமுக்குத் தனியா போகக்கூடாது, நான் உட்பட."

"உங்களுக்கு எதுக்குக்கா காவல்? உங்க மேல எங்களுக்கு நம்பிக்கை இருக்கே."

"எனக்கும் அவ மேல இருந்துச்சு" என்றாள் பெரியவள்.

கத்திரி நூல் வெட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்தாள். மூன்று பேருமாகப் போனார்கள்.