ரன்மலியின் நெஞ்சுச் சளி

டொக்டர் நவரட்ணராஜாவுக்கு ஒரு பெருமை இருந்தது. குதிரையைப் பராமரிப்பவன் சொல்வதை நம்பமாட்டார், குதிரையைத்தான் நம்புவார். "இவங்கள் ஆயிரம் கதை அளப்பாங்கள். அதின்ரை நெஞ்சு ஒரு கதைதான் சொல்லும்" என்பார். அந்த வட்டாரத்தில் பந்தயக் குதிரைக்கு வைத்தியம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எதிர்த்துப் பேச ஆளில்லாததால் அந்தப் பெருமை நன்றாக ஊறி வளர்ந்துவிட்டது.

அம்பிட்டிய மேட்டில் ஒரு சிங்கள முதலாளியின் லாயம் இருந்தது. அதில் ரன்மலி என்றொரு பெண் குதிரை. நுவரெலியாப் பந்தயத்தில் பாதித் தூரம் முன்னால் ஓடிவிட்டு, மீதிப் பாதியில் இருமிக்கொண்டு கடைசியாக வந்தது. டொக்டர் அதன் மூக்கில் ஒரு பையை மாட்டி, கொஞ்ச நேரம் திணறவிட்டு, பையை எடுத்ததும் அது இழுத்த பெருமூச்சைக் குழல் வைத்துக் கேட்டார். மூச்சுக்குழாயில் சளி கடகடவென்றது. காய்ந்த புல்லின் தூசிதான் காரணம். இதற்கு மருந்து கொஞ்சம், வேலைதான் அதிகம். புல்லைத் தண்ணீரில் ஊறவைத்துப் போட வேண்டும். தீனியைத் தரையில் வைக்க வேண்டும், தலை தாழ்ந்தால்தான் சளி வடியும். மழை அடித்தாலும் ஜன்னலைப் பூட்டக் கூடாது.

லாயத்தில் வேலை பார்த்த அழகர் அத்தனையையும் ஒரு வருஷம் விடாமல் செய்தார். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்து மனிதர். தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போக பாஸ்போர்ட் எப்போதோ வந்திருந்தது. "இத விட்டுட்டு எப்பிடிப் போறது" என்று குதிரையைக் காட்டியே நாளைக் கடத்தினார். மனைவி மூக்காயி திட்டித் திட்டி ஓய்ந்துபோனாள். ரன்மலிக்கு இருமல் நின்றது.

அப்புறம் எண்பத்து மூன்று ஆடி வந்தது. தமிழரின் கடைகள் எரிந்தன. டொக்டர் வீட்டுக் கண்ணாடிகளும் நொறுங்கின. அவரும் மனைவி லீலாதேவியும் எட்டு நாள் ஒரு பள்ளிக்கூட முகாமில் சீமெந்துத் தரையில் படுத்தார்கள். வெளியே வந்த மறுநாளே லாயத்திலிருந்து ஆள் வந்தது. ரன்மலி மறுபடியும் இருமுகிறதாம்.

டொக்டர் போனார். மூக்கில் மஞ்சளாகச் சளி. தொட்டியடியில் பழைய காய்ந்த புல். சுவரெல்லாம் தூசி. பார்த்தவுடனே அவருக்கு விளங்கிவிட்டது. எட்டு நாள் வாய் பொத்திக் கிடந்த மனிதர் அல்லவா, கோபத்தைக் கொட்ட ஓர் இடம் கிடைத்தது.

"நாலைஞ்சு நாள் யன்னல் பூட்டிக் கிடந்திருக்கு. ஆர் பூட்டினது?"

பக்கத்தில் மனேஜர் நின்றார். சிங்களவர், தமிழ் நன்றாக விளங்கும். அழகர் அவரை ஒரு தடவை பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"நாந்தாங்கய்யா."

"புல்லும் நனைக்கேல்லை."

"இல்லைங்க. தப்புதாங்கய்யா."

ஏன் என்று டொக்டர் கேட்கவில்லை. குதிரையின் நெஞ்சு சொன்னது போதுமாக இருந்தது. அறிக்கையில் 'பராமரிப்பவரின் கவனயீனம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கிழமையே அழகருக்குச் சீட்டுக் கிழிந்தது. புதிய ஆளுக்கு டொக்டர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவன் தாளை மரியாதையாகச் சுவரில் ஒட்டினான். புல்லை மட்டும் நனைக்கவில்லை. மார்கழி மழையில் சளி நெஞ்சில் இறங்கி ரன்மலி செத்துப்போனது. பிந்தித்தான் டொக்டரைக் கூப்பிட்டார்கள். அப்போதும் அவர் அழகரைத்தான் திட்டினார்.

மாசியில் ஒரு காலை, மங்களேஸ்வரி என்ற ஆசிரியை அவர் வீட்டுக்கு வந்தார். அம்பிட்டியவில் வாடகைக்கு இருந்தவர், மகள்மாருடன் யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போகிறார். போகுமுன் அழகரைக் காண வேண்டும், லாயத்தில் அவர் இல்லை, எங்கே என்று டொக்டருக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"அந்த ஆளை ஏன் தேடுறியள்?"

"ஆடியிலை நாலு நாள் நானும் பிள்ளையளும் அந்த லாயத்துப் பரணிலைதான் கிடந்தனாங்கள், புல்லுக்குள்ளை. லொறியிலை வந்து வீடு வீடாய்த் தேடினவங்களிலை மனேஜரின்ரை தம்பியும் நிண்டவன். றோட்டிலை நிண்டால் உள்ளை தெரியுமெண்டு அழகர் யன்னலைப் பூட்டினது. பைப் வெளியிலை, தண்ணிக்கும் போகேலாது. நாங்கள் அசைய அசைய மேலையிருந்து தூசி கொட்டும், குதிரை இருமும். அந்த மனிசன் அதின்ரை கழுத்தைத் தடவித் தடவி அழுதது."

டொக்டர் கதிரையிலிருந்து எழுந்தார். எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். ஐயோ, மனேஜருக்கு முன்னால் வைத்தல்லவா கேட்டேன். அந்த மனுஷன் என்ன பதிலைச் சொல்லியிருக்க முடியும்? தானும் அதே கிழமை முகாமில் கிடந்தவன், தனக்கே அது தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அன்றே முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு நாவலப்பிட்டிக்குப் போனார். தோட்டத்து லயத்தில் அழகர் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார்க் கோச்சிக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்துக் காம்பராவில் சொன்னார்கள்.

ஸ்டேஷனில் கால்வைக்க இடமில்லை. போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அழகர் ஒரு தகரப் பெட்டியின் பக்கத்தில் நின்றார். டொக்டரைக் கண்டதும் தோள் துண்டை எடுத்தார். அது டொக்டரை இன்னும் குத்தியது.

"பிழை என்ரை, அழகர். நீங்கள் வாய் திறக்கேலாத இடத்திலை வைச்சுக் கேட்டிட்டன். கடிதம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறன். முதலாளி திரும்ப எடுப்பார்."

"வேணாங்கய்யா. இங்க தோட்டத்துப் பதிவுல எங்க பேரெல்லாம் வெட்டியாச்சு." அழகர் கடிதத்தைத் தொடவில்லை. "ஐப்பசியில ஒங்க வீட்டுக்கு ஒருதரம் வந்தேங்க. ஐயா படுத்திருக்காருன்னு அம்மா சொன்னாங்க."

டொக்டருக்கு முகம் சுட்டது. லாயத்து ஆள் வந்து நிற்கிறது என்று லீலாதேவி சொன்னதும், 'வேலை கேட்டு வந்திருப்பான், படுத்திருக்கிறார் எண்டு சொல்லி அனுப்பும்' என்று கையில் பேப்பரோடு தான் சொன்னதும் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தது.

"வேலை கேக்க வரலீங்க. புது ஆளு புல்ல நனைக்காமப் போடுறான்னு கேள்விப்பட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா பயந்துக்கிட்டுச் செய்வான்ல, அதைச் சொல்லத்தான் வந்தேன்." கோச்சி ஊதியது. மூக்காயி பெட்டியைத் தூக்கினாள். "இப்ப அதுக்குத் தேவலையாங்க?"

ஓம் என்று சொல்லிவிட டொக்டரின் நாக்கு துடித்தது. இந்த மனிதரைப் பற்றி அறிக்கையில் எழுதிய பொய் ஒன்றே போதும் என்று பட்டது.

"செத்துப்போச்சு, அழகர். மார்கழியிலை."

அழகர் பிளாட்போரத்திலேயே குந்தி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சுற்றிலும் எல்லோரும் ஊரையும் உறவையும் நினைத்து அழுதுகொண்டிருந்ததால் அவரை யாரும் விசேஷமாகப் பார்க்கவில்லை. அவர் எதற்காக அழுகிறார் என்று அந்தக் கூட்டத்தில் மூக்காயிக்கும் டொக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.