ஊட்டுக்குள்ள வந்து உக்காருங்க

அன்னூரை ஒட்டிய அந்தக் காலனியில் விடிந்ததிலிருந்தே மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. தேவானந்தம் தன் குட்டியானை வண்டியின் முகப்பில் கட்சிக் கொடியைக் கட்டிவிட்டு, சற்றுப் பின்னால் போய் நின்று அழகு பார்த்தான். மற்ற நாட்களில் வாழைத்தாரும் தக்காளிப் பெட்டியும் ஏற்றுகிற வண்டிதான். தேர்தல் வந்துவிட்டால் அது அவனுக்குத் தேர். அதிலும் இது நாடாளுமன்றத் தேர்தல்! காலனியிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய் நாற்சந்தியில் நிறுத்துவது அவன் பொறுப்பு. கிளைச் செயலாளர் ஈஸ்வரமூர்த்தி அவனை நம்பித்தான் வேட்பாளரை அந்தப் பக்கமே வரச் சொல்லியிருந்தார்.

"ரூத்து, இன்னும் கெளம்பலையா? நீ முன்னால வந்து நின்னாத்தான் மத்த பொம்பளைங்க வருவாங்க."

அவன் மனைவி ரூத், வாசற்படியில் நெற்றியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "ராத்திரியெல்லாம் கூரைச் சீட்டுச் சூடு எறங்கவே இல்லீங்க. கண்ணே மூடல. தலை கிறுகிறுங்குது. நான் வல்லீங்க."

"இன்னிக்கு ஒரு நாளைக்கு வெயில் பாத்தா ஆவுமா அம்மணி? அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வாரது. வா, வா!"

நாற்சந்தியில் முன்பெல்லாம் புளியமரங்கள் இருந்தன. சாலையை அகலப்படுத்தியபோது எல்லாம் போய்விட்டன. நிழல் என்று சொல்ல விளம்பரத் தட்டியின் நிழல்தான். அதுவும் ஓராள் ஒதுங்கும் அளவுக்கு. பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்ன வேட்பாளர், உச்சிவெயில் சாய்ந்த பிறகும் வரவில்லை. கொண்டுவந்த தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஏசி காருக்குள் இருந்த ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி, "கூட்டத்தக் கலைய உட்றாத தேவா" என்றார். தேவானந்தமும் மைக்கில், "இப்ப வந்துருவாருங்க, இதோ வந்துட்டே இருக்காருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் ரூத் சரிந்தாள்.

பக்கத்து வீட்டுப் பொற்கொடி அவளைத் தாங்கிப் பிடித்து, "ஐயோ, ஒடம்பு கொதிக்குதே! வேர்க்கவே இல்லயே!" என்று கத்தினாள். ரூத் ஏதேதோ உளறினாள். யாரைப் பார்த்தாலும் அடையாளம் தெரியவில்லை. தேவானந்தம் மைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவளைத் தூக்கி வண்டியில் கிடத்தினான். பொற்கொடி டீக்கடைக் குடத்தைப் பிடுங்கி அவள் மேல் ஊற்றிக்கொண்டே உடன் ஏறினாள்.

ஆஸ்பத்திரி சாலையில் வண்டி திரும்பியது. எதிரே, தாரை தப்பட்டை முழங்க வேட்பாளரின் ஊர்வலம்! சாலை முழுக்கக் கார்கள். நடுவில் சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது. தேவானந்தம் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. முகப்பிலிருந்த கொடியைப் பார்த்த தொண்டர்கள், இவனும் கொண்டாட வந்தவன் என்று நினைத்துக் கையசைத்தார்கள். "வழி உடுங்கடா! என்ற பொண்டாட்டி சாவறாடா!" என்று அவன் கதறியது அந்த வெடிச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. கடைசியில் பொற்கொடி குதித்து இறங்கி, கார்களைக் கையால் அறைந்து அறைந்து வழி உண்டாக்கினாள்.

"நல்லவேளை, வர்ற வழியிலேயே தண்ணி ஊத்திட்டே வந்தீங்க" என்றார் டாக்டர். "வெயில் தாக்கம். இன்னும் தாமதமாகியிருந்தா உயிருக்கே ஆபத்து."

மறுநாள் ரூத் தெளிந்து உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேவானந்தம் அழுதான். "நாந்தான் உன்னைய இழுத்துட்டுப் போயி வெயில்ல நிறுத்திப்போட்டேன்."

"நின்னதக்கூட உடுங்க. இத்தனை தேர்தல்ல நின்னு என்னத்தக் கேட்டோம்? ரோடு கேட்டோம், சமுதாயக்கூடம் கேட்டோம். வருசத்துக்கு வருசம் வெயில் ஏறீட்டே போவுது. அதுக்கு என்ன பண்ணப் போறீங்கன்னு நாமளும் கேக்கல, அவங்களும் சொல்லல."

அப்போது ஈஸ்வரமூர்த்தியின் போன் வந்தது. கூட்டம் கலைந்துபோனதால் வேட்பாளர் மறுபடி வருகிறாராம். இந்த முறை கூட்டம் குறையக் கூடாதாம். தேவானந்தம் ரூத்தைப் பார்த்தான். ரூத் அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் முகம் மலர்ந்தது. "வரச் சொல்லுங்கண்ணா" என்றான்.

ரூத் வீடு திரும்பிய இரண்டாம் நாள், வேட்பாளர் கௌதமன் வந்து இறங்கியபோது நாற்சந்தி வெறிச்சோடிக் கிடந்தது. தேவானந்தம் மட்டும் மைக்கோடு நின்றான்.

"கூட்டம் எங்கடா?" என்று ஈஸ்வரமூர்த்தி பல்லைக் கடித்தார்.

"ஊட்டுல இருக்குதுங்கண்ணா. ஐயா எங்க ஊட்டுக்குள்ள வந்து செத்த நேரம் உக்காந்தாருன்னா, அத்தனை சனமும் வெளிய வருமுங்க!"

மைக்கில் சொன்னதால் கௌதமனால் மறுக்க முடியவில்லை. சிரித்தபடியே நடந்தார். அவ்வளவுதான், கதவுகள் படபடவென்று திறந்தன. காலனியே அவர் பின்னால் திரண்டது. இளவட்டங்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். திருவிழாக் களை வந்துவிட்டது.

சிமெண்ட் சீட்டுக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தது. மின்விசிறி அனலை வாரி இறைத்தது. கௌதமனின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் எழப் பார்த்தார்.

"இன்னுஞ் செத்த இருங்க. நாங்க ராத்திரியும் இதுக்குள்ளதானுங்க" என்றாள் ரூத்.

அவர் உட்கார்ந்தார். "வெயிலும் மழையும் நம்ம கையில இல்லீங்களேம்மா?"

"வெயில் உங்க கையில இல்லீங்க. இந்தக் கூரைய மாத்தறது உங்க கையிலதானுங்க. நிழலுக்கு மரம் வெக்கறது, குளத்துல தண்ணி நிறுத்தறது, உச்சி நேரத்துல வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம் போடறது எல்லாம் உங்க கையிலதானுங்க. வெள்ளம் வந்தா டெல்லியிலருந்து பாக்க வாரீங்க. வெயில்ல உழுந்தா யாருங்க வாரீங்க?"

கௌதமன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நேராக வண்டியில் ஏறி மைக்கைப் பிடித்தார். "என் பேச்சுல வெயிலைப் பத்தி ஒரு வரி இல்லீங்க. வெக்கமா இருக்குது. இனி எங்க பேசினாலும் முதல்ல இதைத்தான் பேசுவேன். ஜெயிச்சா நாடாளுமன்றத்துலயும் இதைத்தான் பேசுவேன்!"

விசில் பறந்தது. பொற்கொடி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்தே விட்டாள்.

அந்த வீடியோ சாயங்காலத்துக்குள் உடுமலைப்பேட்டை வரை போனது. எதிர்க்கட்சி வேட்பாளரும் தாமும் வந்து உட்காருவதாகச் சொல்லியனுப்பினார். தேவானந்தம் உடனே சரியென்றான்.

ஈஸ்வரமூர்த்தி கொதித்துப் போனார். "நம்ம கட்சிக்காரனா இருந்துட்டு அவனுக்கும் கதவத் தொறக்கறயா?"

"வெயில் கட்சி பாத்தா அடிக்குதுங்கண்ணா? ஓட்டுக் கேட்டு வார எல்லாத்தையும் நாம கேக்கோணுமுங்க. வெயில்ல, வறட்சியில, வெள்ளத்துல எங்க உசுரக் காப்பாத்த என்ன வெச்சிருக்கீங்கன்னு கேக்கோணும். நாம கேக்காத வரைக்கும் எந்தக் கட்சியும் அதைப் பேசாதுங்க. பதில் சொல்றவங்களுக்குத்தான் இனி எங்க ஓட்டு!"