பாமாயிலில் சுட்ட முறுக்கு

கலைமணி வீட்டில் முறுக்கு வாசனை வந்தால், மருதாசலம் வண்டி ஏறப்போகிறார் என்று வெண்ணந்தூரில் அந்தத் தெருவுக்கே தெரிந்துவிடும். ஆழ்குழாய் போடும் ரிக் வண்டியில் அவர் டிரில்லர். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று போனால் திரும்பி வர ஐந்தாறு மாதமாகும். இருபத்திரண்டு வருடப் பிழைப்பு அது.

ஆரம்பத்தில் கடலை எண்ணெயில்தான் சுட்டுக் கொடுத்தாள். பத்து நாளில் சிக்கு வாடை அடித்துவிட்டது என்று போனில் சொன்னார். ரேசனில் பாமாயில் பாக்கெட் போட ஆரம்பித்த பிறகு அதில் சுட்டுப் பார்த்தாள். மாவு எண்ணெயைக் குடிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோதும், "நேத்துச் சுட்டாப்புல மொறுமொறுன்னு இருக்குது கலை" என்றார். அன்றிலிருந்து ரேசன் பாமாயில் வந்ததும் முதலில் அவர் பங்கை எடுத்து வைத்துவிடுவாள். குழம்பு தாளிக்க, வடை சுட எல்லாம் மிச்சத்தில்தான். கையில் ஒட்டிய பலாப்பிசினை எடுக்கவும் அதுதான், கறகறக்கும் கதவுக் கீலுக்கும் அதுதான்.

போன தை கழிந்து மருதாசலம் ஒரு டின் முறுக்கோடு வண்டி ஏறினார். சித்திரையில், ராய்ப்பூர் பக்கம் ஏதோ ஒரு காட்டில், ராடு மாட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை. நாற்பத்தெட்டு வயது.

ஆம்புலன்ஸ் வந்து சேர இரண்டு நாளாயிற்று. கூடவே அவருடைய பையும் டின்னும் வந்தன. டின்னின் அடியில் ஏழெட்டு முறுக்கு கிடந்தது. துக்கத்துக்கு வந்த யாரோ ஒன்றை எடுத்து ஒடித்தார்கள். சத்தத்தோடு ஒடிந்தது.

அப்போதுதான் மருதாசலத்தின் அக்கா ஆத்தாயி சொன்னாள். "நல்ல எண்ணெய்ல செஞ்சு குடுக்க நாதியில்லாமப் போச்சா எந்தம்பிக்கு? ரேசன் பாமாயில்லயே சுட்டுச் சுட்டுக் குடுத்தா நெஞ்சு அடைக்காம என்ன பண்ணும்?"

அழுதுகொண்டிருந்த கலைமணிக்கு அந்த நிமிடத்தோடு அழுகை நின்றுபோயிற்று.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின்னும் அந்த அழுகை திரும்பி வரவில்லை. சேலத்தில் நர்சிங் படிக்கும் மகள் யுவஸ்ரீ பயந்துபோனாள். "அம்மா, எண்ணெய்னால மட்டும் ஒருத்தருக்கு அப்படி ஆவாதும்மா. அப்பாவுக்கு பிரஷர் இருந்துச்சு. பீடி வேற. தூக்கம் கெடையாது" என்று சொல்லிப் பார்த்தாள். கலைமணி தலையாட்டினாள். ஆனால் ரேசனில் வாங்கும் பாக்கெட்டைப் பிரிக்காமல் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவாள். அவர் படத்துக்கு முன்னால் ஏற்றும் விளக்குக்குக்கூட ஊற்றுவதில்லை. அடுப்படியில் நின்று முறுக்குச் சுட்ட கையை, தனியாக இருக்கும்போது விரித்து விரித்துப் பார்ப்பாள்.

ஆவணியில் ஒரு நாள் குணசீலன் வந்தான். மருதாசலத்தோடு ஒரே வண்டியில் இருந்தவன். அவரை அண்ணன் என்பான், இவளை அக்கா என்பான். வியாழக்கிழமை வண்டி மறுபடி கிளம்புகிறது, சொல்லிவிட்டுப் போக வந்திருந்தான்.

"உங்கண்ணன் அங்க முறுக்கு நெறையத் தின்பாராப்பா?" என்று கலைமணி கேட்டாள். நாலு மாதமாக உள்ளே கிடந்த கேள்வி.

குணசீலன் விழித்தான். "அண்ணனா? அவரெங்கீங்க தின்னாரு? கடவாய்ப் பல்லு ரெண்டும் போயி நாலு வருசமாச்சே. டின்னத் தொறந்தா எங்களுக்குத்தான் குடுப்பாரு. போர் போடற காட்டுக்காரன் ஊட்டுக் கொழந்தைங்க வந்து நிக்கும், அதுங்களுக்குக் குடுப்பாரு. பாசை தெரியாத ஊர்ல எங்களுக்குத் தண்ணியும் மோரும் அந்த முறுக்குனாலதான் வந்துச்சுங்க அக்கா."

"ஒன்னுகூடத் தின்னதில்லையா?"

"டீல ஊறவெச்சு எப்பவாச்சும் ஒன்னு. ஊட்ல சொல்லிப்போடாதீங்கடா, சுடறத உட்டுப்போடுவான்னு சிரிப்பாரு."

கலைமணிக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல்லை எடுத்தாற்போல் இருந்தது. எடுத்த இடம் அதைவிட வலித்தது. அவர் வாய்க்கென்று நினைத்து எள்ளும் ஓமமும் பார்த்துப் பார்த்துப் போட்டது எல்லாம் முகம் தெரியாத பிள்ளைகள் வாய்க்குப் போயிருக்கிறது. பல் போனதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாவுருண்டை பிடித்துக் கொடுத்திருப்பாளே.

"அப்பறம் எதுனாலப்பா?"

குணசீலன் தலையைக் குனிந்துகொண்டான். "மாத்திரை தீந்துபோச்சுங்க. மாசக்கணக்காச்சு. டவுனுக்குப் போனா வாங்கிக்கலாம்னு சொல்லிட்டே இருந்தாரு. டவுனுக்குப் போக எங்க நேரம்? ஒரு போர் பாயிண்ட் முடிஞ்சா அடுத்த பாயிண்ட். முந்தின நாளே தோள்பட்டை வலிக்குதுன்னாரு. நான்தானுங்க தைலம் தேச்சு உட்டேன்." "எனக்கும் தலை கிறுகிறுன்னுதான் இருக்குது. எல்லாருக்கும் அப்படித்தானுங்களே."

கலைமணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்து, முகம் உப்பியிருந்தது.

"நாளைக்குக் காலைல ராசிபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போலாம். நானும் வாரேன்."

"வண்டி வேலை கெடக்குதுங்க அக்கா..."

"வா சாமி. சொன்னாக் கேளு."

மறுநாள் ஏழரை மணி பஸ்ஸில் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். கூட்டம் அதிகமில்லை. கையில் பட்டையைச் சுற்றி அளந்த நர்ஸ், சந்தேகப்பட்டு இன்னொரு முறை அளந்தாள். டாக்டரம்மா குணசீலனைத் திட்டினார். பிரஷர் நூற்றுத் தொண்ணூறு இருக்கிறது, இதை வைத்துக்கொண்டு வண்டி ஏறக்கூடாது, மாத்திரை சாப்பிட்டுப் பத்து நாள் கழித்து வந்து காட்ட வேண்டும் என்றார். அவன் அங்கேயே நின்று வண்டி மேனேஜருக்குப் போன் போட்டான்.

கலைமணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "டாக்டரம்மா, பாமாயில்ல பலகாரம் செஞ்சு தின்னா நெஞ்சடைக்குமுங்களா?"

"எந்த எண்ணெயா இருந்தாலும் அளவா இருக்கணும்மா. பிரஷர் இருக்கறவங்க பலகாரத்தையும் உப்பையும் கொறைக்கணும். ஆனா மாத்திரைய நிறுத்தினாங்க பாருங்க, அதுதான் ரொம்ப ஆபத்து."

மாத்திரைக்கு வரிசையில் நின்று, வாங்கி, வெளியே வந்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்கூட இல்லை. அவர் வண்டி ஏறுவதற்கு முந்தின நாள் எல்லாம், காலையிலிருந்து பொழுது சாயும்வரை அவள் அடுப்படியில்தான் நின்றிருந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து மாவு பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரை இங்கதானப்பா இருந்துச்சு" என்றாள். "இத்தனை கிட்டத்துல."

சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், அப்படியும் அடங்கவில்லை. போகிறவர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்க, துக்க வீட்டில் நின்றுபோன அழுகை முழுவதையும் அங்கே உட்கார்ந்து அழுதாள். குணசீலன் மாத்திரைக் கவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.