புங்கமரத்துக் கடை

நகரி கடைத்தெருவில் தாமோதரனுக்கு ஒரே ஒரு எதிரிதான். அது அவர் ஜவுளிக்கடை வாசலில் நின்ற புங்கமரம். 'ஸ்ரீ தாமோதர சில்க்ஸ்' என்று கலர் கலராக லைட் எரிகிற போர்டை ஆசை ஆசையாக வைத்தார் மனுஷன். தெருவிலிருந்து பார்த்தால் கடைசி எழுத்து மட்டும் இலை நடுவே எட்டிப் பார்த்தது.

"போர்டு தெரியாமத்தான் கல்யாண ஜவுளியெல்லாம் எதிர்க்கடைக்குப் போய்க்கினு இருக்குது. இந்த சீசனும் போச்சுன்னா ஷட்டரை இழுத்துட வேண்டியதுதான்" என்று புலம்பி, முனிசிபாலிட்டிக்கு நடையாய் நடந்து, மரத்தை வெட்ட பர்மிஷன் வாங்கியேவிட்டார்.

கத்திரி வெயில் கொளுத்தும் ஒரு காலையில் மரம் வெட்டும் முனிகிருஷ்ணன் கோடாலியோடு வந்தார். பச்சை மரத்தைச் சும்மா வெட்டிவிட முடியுமா? முதலில் அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாமா? தாமோதரன் மனைவி கமலம்மா அடிமரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, "தாயே, பொறுத்துக்கோ" என்று கும்பிட்டாள். ஏற்றிய கற்பூரம் அணையவில்லை, அதற்குள் பாலசமுத்திரத்துக் கல்யாண வேன் ஒன்று வந்து நின்றது.

"அடி ஆத்தி! மரத்துல அம்மன் வந்துட்டாடீ!"

அவ்வளவுதான். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு மரத்தை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். ஒருத்தி மட்டும் நின்று, "அம்மன் கிட்ட கோடாலி எதுக்குங்க?" என்று கேட்டாள்.

தாமோதரன் அவசரமாகக் குறுக்கே வந்தார். "அது... காவலுக்கும்மா!"

உடனே கோடாலிக்கும் பொட்டு, பூ. முனிகிருஷ்ணன் திருதிருவென்று விழித்தார்.

பெண்கள் கடைக்குள் பாய்ந்தார்கள். எந்தக் கடையானாலும் அரை மணியில் "இன்னுமா? கிளம்புங்க" என்று உயிரை வாங்குகிற ஆண்கள், அன்றைக்கு மர நிழலில் துண்டை விரித்துச் சாய்ந்தவர்கள் வாயே திறக்கவில்லை. உள்ளே புடவை மலையாகக் குவிந்தது. பெண்ணுக்கு, மாமியாருக்கு, அத்தைக்கு, அத்தையின் நாத்தனாருக்கு! தாமோதரனுக்குத் தலைகால் புரியவில்லை.

மோர் கொடுக்க வெளியே வந்தபோது பெண்ணின் தாய்மாமன் கன்னையா படுத்தபடியே போனில் கத்திக்கொண்டிருந்தார். பின்னால் வந்த இரண்டாவது வேன் வழி தவறிவிட்டதாம்.

"கடை பேரா? யாருக்குத் தெரியும்! புங்கமரத்துக் கடைன்னு கேளுடா. எங்க அக்கா கல்யாணத்துலேர்ந்து இங்கதான் எடுக்கறோம். தெருவுல மரம் இருக்கறது இது ஒண்ணுதான். மரத்தைப் பாத்ததும் நிறுத்து!"

தாமோதரன் கையிலிருந்த மோர் பாதி அவர் வேட்டியிலேயே கொட்டியது. ஐயோ, எப்பேர்ப்பட்ட காரியம் செய்யப் பார்த்தேன்! மரத்தைக் கட்டிக்கொண்டார். முகமெல்லாம் மஞ்சள்.

"முனிகிருஷ்ணா!"

"வெட்டட்டுமாண்ணா?"

"வெட்டுறியா? வாயைக் கழுவுய்யா! மேல ஏறி அந்த போர்டைக் கழட்டு. கிளையை நசுக்கினு இருக்குது பாரு."

முனிகிருஷ்ணன் போர்டை அண்ணாந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"அதுக்கும் ஒரு தேங்காய் உடைக்கணுமாண்ணா?"